வைட் ராக் கேக்கலாமா? படம் பாக்காதவங்களுக்கு ஒரு நீளமான பதில்

கேள்வி இதுதான்: யெஸ்ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட கீபோர்டு பிளேயர் ரிக் வேக்மேன் ஏதோ ஒலிம்பிக்ஸ் டாகுமெண்டரிக்கு மியூசிக் போட்டு அது ஆல்பமா வந்திருக்காமே, பேரு வைட் ராக்காம், படம் பாக்காம அதை கேட்டா ஒட்டுமா, இல்ல பிஜிஎம் துண்டுகளை ஒட்டி வித்த கேஸா?

ஒட்டும். தாராளமா கேளுங்க. நானே மொதல்ல கேட்டப்ப இது ஒரு படத்துக்கான மியூசிக்னு தெரியாமதான் கேட்டேன், தெரிஞ்சவர் ஒருத்தர் காப்பி பண்ணி குடுத்த கேசட்ல பேரு கூட சரியா எழுதல. கேட்டு முடிச்சதும் தோணுனது ஒன்னே ஒன்னு, எப்பவும் நிறுத்த தெரியாம வாசிக்கிற இந்த மனுஷன் இதுல மட்டும் எப்படி டக்கு டக்குனு நிறுத்தறாருன்னு. அதுக்கு பதில் படத்துல இருக்கு. அதை சொல்லணும்னா அவர் அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தாருன்னு கொஞ்சம் சொல்லியாகணும், பொறுத்துக்கோங்க.

வேக்மேன் 1949ல பொறந்தவர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்ல சேந்து படிப்ப முடிக்காம வெளிய வந்து ஸ்டுடியோ ஸ்டுடியோவா போய் வாசிச்ச ஆளு. டேவிட் போவியோட ஸ்பேஸ் ஆடிட்டி பாட்டுல வர்ற மெலட்ரான்ங்கற கீபோர்டு இவர் வாசிச்சது, கேட் ஸ்டீவன்ஸோட மார்னிங் ஹேஸ் புரோக்கன் பாட்டுல வர்ற பியானோவும் இவர்தான். அப்போ மூனு நிமிஷ பாட்டுக்குள்ள எவ்வளவு வாசிக்கணும், எங்க கைய எடுக்கணும்ங்கறது நல்லாவே தெரிஞ்சவர். 1971ல யெஸ்ல சேந்தாரு. அங்க போனதும் எல்லாமே நீண்டுடுச்சு. 1973ல அவங்க போட்ட டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ் மொத்தம் 80 நிமிஷத்துக்கு பக்கம், பாட்டு நாலே நாலு. வேக்மேனுக்கே அது புடிக்கல. மான்செஸ்டர்ல மேடை மேல உக்காந்து கச்சேரி நடுவுலயே கறி சாப்பிட்ட கதை அவரே எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு, கீபோர்டுக்கு கீழ படுத்திருந்த ரோடி (மேடை சாமான்கள பாத்துக்கற ஆள்), ஷோ முடிஞ்சதும் என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டதுக்கு இவர் விண்டாலூ, அப்பளம்னு ஒரு லிஸ்ட் சொல்ல, அந்தாளு இப்பவே வேணும்போலன்னு நெனச்சு பார்சல் வாங்கிட்டு வந்து நீட்ட, இவரும் வேலை ஒன்னும் பெருசா இல்லியேன்னு கீபோர்டு மேலயே பரப்பி வச்சு சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு. 1974ல பேண்ட விட்டு வெளிய வந்துட்டாரு.

நீளம் புடிக்காம வந்தவர் சொந்தமா சின்னதா ஏதாவது பண்ணுவாருன்னு பாத்தா அதுதான் இல்ல. ஆர்கெஸ்ட்ரா, கொயர், கதை சொல்ல ஒரு ஆளுன்னு ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த், அதுவும் மேடையிலயே ரெக்கார்ட் பண்ணி 1974ல பிரிட்டன் சார்ட்ல நம்பர் 1. அதே வருஷம் 25 வயசுலயே ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரி படுக்கையில கிடந்துக்கிட்டே அடுத்த ஆல்பத்துக்கு பாட்டு எழுதறாரு, ஆர்தர் ராஜா கதை. அதை 1975ல வெம்ப்ளியில மூனு நாள் ஐஸ் மேல நாடகமா போட்டாரு, ஸ்கேட்டிங் பண்ற வீரர்கள், குதிரைகள் (பொய்க்கால் குதிரைதான், நம்ம ஊர் மாதிரியே). அதுல ஒரு நாள் சண்டை போட வேண்டிய ஒரு ஸ்கேட்டர் வரல, ஜோடி ஜோடியா எல்லாரும் வெட்டி சாய்ஞ்சதும் கடைசியா ஒருத்தன் மட்டும் எதிரியே இல்லாம ஐஸ்ல சுத்திக்கிட்டிருந்து, வேற வழியில்லாம தன்னைத்தானே குத்திக்கிட்டு விழுந்தானாம். வேக்மேன் இதை மேடையில சொல்லும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கூட்டம் நிறைஞ்சுது, ஆனா காசு கரைஞ்சுது.

ஐஸ் மேல அவ்வளவு பணத்த கொட்டுன மனுஷனுக்கு அடுத்து வந்த வேலையும் ஐஸ்தான். 1976 பிப்ரவரி 4ல இருந்து 15 வரைக்கும் ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக்ல குளிர்கால ஒலிம்பிக்ஸ். அது முதல்ல அமெரிக்காவுல டென்வருக்கு குடுத்த போட்டி, 1972ல அந்த மாநில மக்கள் ஓட்டு போட்டு எங்க வரிப்பணத்துல வேண்டாம்னுட்டாங்க, அதனால 1964லயே நடத்தி பழகுன இன்ஸ்ப்ரூக்குக்கு திரும்ப வந்துச்சு. ரெண்டாவது தடவைங்கறதுக்காக தீபத்துக்கு ரெண்டு கொப்பரை வச்சாங்க. அந்த போட்டிய டோனி மேலம்ங்கற பிரிட்டிஷ் டைரக்டர் படமா எடுத்தாரு, நடிகர் ஜேம்ஸ் கோபர்ன் நடுவுல வந்து ஒவ்வொரு விளையாட்டையும் நமக்கு புரிய வைப்பாரு. பதக்க பட்டியல் சொல்ற படம் இல்ல இது, அந்த வேகத்துல உடம்புக்கு என்ன ஆகுதுன்னு காட்டற படம். 1977ல லண்டன்ல இது ரிலீஸ் ஆனப்ப கூடவே ஓடுனது அதே மேலம் எடுத்த ஜெனிசிஸ் பேண்டோட கச்சேரி படம். ஒரே டிக்கெட்ல ப்ரோக் ராக் (யெஸ், ஜெனிசிஸ் மாதிரி நீட்டி வாசிக்கிற ராக்) ரசிகனுக்கு டபுள் விருந்து.

இப்ப விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல ரீரெக்கார்டிங்னு சொல்றோமே, அந்த வேலையில மியூசிக் போடறவருக்கு எஜமான் எடிட்டர்தான். செகண்டுக்கு 24 ஃப்ரேம், சீன் எங்க வெட்டுதோ அங்க நீங்க முடிக்கணும், உங்க சோலோ இன்னும் எட்டு பார் பாக்கி இருக்குன்னு ஸ்க்ரீன் காத்திருக்காது. விளையாட்டு படத்துல இது இன்னும் கொடுமை, ஏன்னா அங்க எடிட்டருக்கும் மேல ஒரு எஜமான் உண்டு, ஓடறவனோட உடம்பு. ஃப்ரான்ஸ் கிளாமர்னு ஆஸ்திரியாக்காரர், அந்த போட்டியில டவுன்ஹில் ஸ்கீயிங்ல தங்கம் வாங்குனவர், மஞ்சள் ட்ரெஸ் போட்டுக்கிட்டு பாட்ஷர்கோஃபெல் மலையில இருந்து கை கால் பறக்க விழப்போறாரு விழப்போறாருன்னு நம்ம வயித்த கலக்கிக்கிட்டே இறங்குனாரு. அந்த முழு ஓட்டமும் 1 நிமிஷம் 45.73 செகண்ட். ரெண்டாவது வந்த சுவிஸ்காரர் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸிக்கும் இவருக்கும் வித்தியாசம் 0.33 செகண்ட். யெஸ் கச்சேரியில வேக்மேன் ஒரு கார்டு (பல ஸ்வரம் சேத்து அமுத்தறது) புடிச்சு, தோள்ல போட்டிருக்கற கேப்போட, அதாவது அந்த நீள அங்கியோட முனைய ஒதறிவிடறதுக்குள்ள கிளாமர் மலைய விட்டே இறங்கியிருப்பாரு.

அதனாலதான் இந்த ஆல்பம் மொத்தமே 8 ட்ராக், சுமார் 35 நிமிஷம். ஆர்கெஸ்ட்ரா கிடையாது, கதை சொல்ற ஆள் கிடையாது, கிடார் சோலோ கிடையாது. வேக்மேனோட கீபோர்டுகள், டோனி ஃபெர்னாண்டஸோட ட்ரம்ஸ், சில இடத்துல மட்டும் செயின்ட் பால்ஸ் கதீட்ரல் கொயர். அவ்வளவுதான் ஆளுங்க.

டைட்டில் ட்ராக்க போட்டதும் மினிமூக்ங்கற சின்ன சிந்தசைசர் (சுருக்கமா சிந்த்) வந்து நிக்கும். இதை பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா நான் பத்து வருஷத்துக்கு மேல கல்யாண கச்சேரியில கீபோர்டு வாசிச்சவன், இந்த இடத்துல எனக்கு கை சும்மா இருக்காது. மினிமூக்ல ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்வரம்தான் கேக்கும், ரெண்டு கட்டைய சேத்து அமுத்துனாலும் ஒன்னுதான் பேசும். வேக்மேன் மொதல் மினிமூக்க வாங்குன கதையே அதுதான், ஜேக் வைல்ட்னு ஒரு நடிகர் அதை வாங்கிட்டு, ஒரே நேரத்துல ஒரு சத்தம்தான் வருது, மெஷின் ரிப்பேர்னு நெனச்சு பாதி விலைக்கு இவர்கிட்ட தள்ளி விட்டுட்டாரு. அந்த ரிப்பேர்னு நெனச்சதுதான் அதோட பலமே. ஒரு ஸ்வரம் மட்டும்ங்கறதால வாசிக்கிறவன் கார்டுக்கு பின்னாடி ஒளிஞ்சுக்க முடியாது, புல்லாங்குழல் மாதிரி, நாதஸ்வரம் மாதிரி ஒத்த வரியில பாடியே ஆகணும். இடது கை பக்கம் ரெண்டு சக்கரம் இருக்கும், ஒன்னு ஸ்வரத்த மேலயும் கீழயும் வளைக்கும், நாங்கெல்லாம் கச்சேரியில நாதஸ்வர பிட்டு வாசிக்கறப்ப பெருவிரலால ஆட்டுவோமே அதேதான். இன்னொன்னு ஆட்டத்த கூட்டும் குறைக்கும். க்ளைடுனு ஒரு குமிழ் இருக்கு, அதை திருப்பி வச்சா ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கிட்டே போகும், நம்ம கர்நாடக சங்கீதத்துல ஜாருன்னு சொல்றது கிட்டத்தட்ட அந்த எஃபெக்ட். வழுக்கறதுதானே இந்த படத்துல எல்லாரும் பண்றாங்க! பனிச்சறுக்கு, ஐஸ் ஸ்கேட்டிங், பாப்ஸ்லெட் (ஐஸ் பாதையில சறுக்கிப் போற வண்டி), எல்லாமே உராய்வு கம்மியான தரையில உடம்ப எப்படி கட்டுப்படுத்தறதுங்கற விஷயம்தான். பியானோவுல வழுக்க முடியாது, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி படி. மினிமூக்ல சறுக்கலாம். அவர் இதை யோசிச்சு பண்ணாரோ கை போன போக்குல பண்ணாரோ, அந்த படத்துக்கு அந்த வாத்தியம் அப்படியே உக்காந்துடுச்சு.

அடுத்தது சர்ச்சிங் ஃபார் கோல்ட், அதுக்கப்பறம் தி லூசர். நான் இந்த ஆல்பத்த எல்லார்கிட்டயும் தள்ளி விடறதுக்கு காரணமே இந்த மூனாவது ட்ராக்தான். பேருக்கு அர்த்தம் தோத்தவன். ஒரு விஷயம் கவனிங்க, தங்கம் தேடற பாட்டு நாலு நிமிஷம் சொச்சம், தோத்தவனுக்கு அஞ்சரை நிமிஷம். முதல் சைடுல இருக்கற நாலுல இதுதான் நீளம். விளையாட்டு படத்து மியூசிக்னா நமக்கு ஞாபகம் வர்றது எல்லாமே ஜெயிச்சவன் கைய தூக்கறப்ப அடிக்கிற ட்ரம்பெட்தான். இங்க தோத்தவன் பக்கத்த நிதானமா பாக்கறாரு, மெதுவா, அவசரமே இல்லாம, ஒரு மெலடிய எடுத்து அதை பெருசாக்கி பெருசாக்கி கொண்டு போறாரு, பரிதாபப்பட வைக்கவும் இல்ல, அழ வைக்கவும் இல்ல. அந்த ஒலிம்பிக்ஸ்லயே ரோஸி மிட்டர்மையர்னு மேற்கு ஜெர்மனி பொண்ணு ஸ்கீயிங்ல டவுன்ஹில், ஸ்லாலம் ரெண்டுலயும் தங்கம் வாங்கிட்டு, மூனாவதான ஜெயண்ட் ஸ்லாலம்ல 0.12 செகண்ட்ல கோட்டை விட்டாங்க. அதை தோல்வின்னு சொல்றதா வெள்ளின்னு சொல்றதா? கண்ண சிமிட்டற நேரத்துக்குள்ள நடந்த விஷயத்துக்கு அஞ்சரை நிமிஷம் ஒதுக்கறதுதான் மியூசிக்கோட வேலைன்னு எனக்கு தோணும், ஏன்னா தோத்தவனுக்கு அந்த 0.12 ராத்திரி பூரா ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

மெதுவான மியூசிக் பத்தி பேசறப்ப மெலட்ரான் பத்தி ஒரு வார்த்தை. இப்ப ஃபோன் ஆப்லயே கொயர் சவுண்டு, ஸ்ட்ரிங்ஸ் சவுண்டு எல்லாம் கிடைக்குது, அப்ப அது பெரிய மரப்பெட்டி. ஒவ்வொரு கட்டைக்கு கீழயும் ஒரு டேப் துண்டு, அதுல நிஜமான ஆளுங்க வாசிச்ச அந்த ஒரு ஸ்வரம் பதிஞ்சிருக்கும், கட்டைய அமுத்துனா டேப் ஓடும், சுமார் எட்டு செகண்டுல டேப் முடிஞ்சு போகும், விரல எடுத்தா ஸ்ப்ரிங் இழுத்து பழைய இடத்துக்கு கொண்டு போகும். அதனால மெதுவா வாசிக்கணும்னா கூட எட்டு செகண்டுக்குள்ள மூச்சு விட்டாகணும், பாடறவன் மாதிரியே. ஈரம் பட்டா சுதி போயிடும், மேடையில அது பண்ற அழிச்சாட்டியம் தாங்காம வேக்மேன் அதை திட்டாத திட்டு இல்ல. இந்த ஆல்பத்துல நிஜ கொயர சேத்தது நல்ல முடிவு, மனுஷ தொண்டை சட்டுனு உள்ள வர்றப்ப அந்த மெஷின் சத்தங்களுக்கு நடுவுல வெள்ளையா ஒரு வெளி தொறக்கும். பனிக்கு அதை விட பொருத்தமா வேற என்ன போடறது.

தி ஷூட் பயத்லான் விளையாட்ட ஞாபகம் வச்சு கேளுங்க. அந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு: முதுகுல துப்பாக்கியோட பனியில கிலோமீட்டர் கணக்குல ஸ்கீ பண்ணி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டிருக்கறப்பவே நின்னு, மூச்ச புடிச்சு, குறி பாத்து சுடணும், அப்பறம் மறுபடி ஓடணும். அதாவது முழு வேகம், திடீர்னு முழு அமைதி. ராக் மியூசிக்குக்கு வேகம் தெரியும், திடீர் அமைதி கஷ்டம். இதுல இங்கயும் அங்கயும் சின்ன சின்ன ஒலிகள வச்சுக்கிட்டு பதுங்கி பதுங்கி போறாரு. இருட்டுல இயர்ஃபோன் போட்டு கேட்டா காட்டுக்குள்ள யாரோ ஒளிஞ்சிருக்கற ஃபீலிங். இதே மேலம் 1981ல தி பர்னிங்னு ஒரு பேய்ப்பட ரேஞ்சுக்கு ரத்தக்களறி படம் எடுத்தப்ப அதுக்கும் மியூசிக்குக்கு வேக்மேனைத்தான் கூப்பிட்டாரு, இந்த ட்ராக்க கேட்டா ஏன் கூப்பிட்டாருன்னு புரியும்.

ரெண்டாவது சைடு கொஞ்சம் மேடு பள்ளம். லாக்ஸ்எக்ஸ், மான்டஸூமாஸ் ரிவெஞ்ச் ரெண்டுமே குஷியா துள்ளற ட்ராக். ரெண்டாவது பேரு இங்கிலீஷ் பேசறவங்க வெளியூர் போய் சாப்பிட்டு வயித்தால போறதுக்கு வச்ச கிண்டல் பேரு, மொத பேரும் அதே வயித்து சமாச்சார ஜோக்தான்னு எனக்கு படுது. வேக்மேன் அப்படித்தான், கதீட்ரல் கொயரையும் கக்கூஸ் ஜோக்கையும் ஒரே தட்டுல வைப்பாரு. வாசிப்பு கில்லி மாதிரி இருக்கும், விரல் ஓடற ஓட்டத்துக்கு வாய பொளக்கலாம், ஆனா ரெண்டு தடவைக்கு மேல நான் தேடி போனதில்ல. சில சிந்த் சவுண்டு இப்ப கேட்டா பழைய வீடியோ கேம் மாதிரி இருக்குன்னு என் பையன் சொன்னான், தப்பு சொல்ல முடியல. ரெண்டுக்கும் நடுவுல ஆஃப்டர் தி பால் இருக்கு, மூனே நிமிஷம், பியானோ கையில எடுத்தா இவர் எப்படிப்பட்ட ஆளுங்கறதுக்கு அது போதும், அந்த பழைய ஸ்டுடியோ காலத்து கை அப்படியே திரும்பி வந்திருக்கும்.

கடைசி ட்ராக் ஐஸ் ரன். ஆறு நிமிஷம் சொச்சம், ஆல்பத்துலயே நீளம். இன்ஸ்ப்ரூக் பக்கத்துல இகல்ஸ்னு ஒரு இடத்துல பாப்ஸ்லெட், லூஜ் (மல்லாக்க படுத்து சறுக்கற சின்ன வண்டி) ரெண்டுக்கும் சேத்து ஒரே பாதைய சிமெண்ட்ல கட்டி உறைய வச்சிருந்தாங்க, சுமார் 1,220 மீட்டர், 14 வளைவு. நாலு பேர் உக்காந்து போற பாப்ஸ்லெட்ல தங்கம் வாங்குன கிழக்கு ஜெர்மனி டீம் நாலு ரன்னுக்கும் சேத்து எடுத்துக்கிட்ட நேரமே 3 நிமிஷம் 40.43 செகண்ட், அதாவது ஒரு ரன் ஒரு நிமிஷம் கூட இல்ல. அந்த நாலு ரன்னையும் ஓட்டி முடிச்சா கூட இந்த ட்ராக் முடிஞ்சிருக்காது! நிறுத்த தெரிஞ்சுக்கிட்டாருன்னு சொல்லிட்டு இதென்னன்னு கேப்பீங்க. இங்கதான் மனுஷன் கடைசியா பழைய வேக்மேனா திரும்பறாரு, ஆனா முப்பது நிமிஷம் கட்டுப்பாடா இருந்துட்டு திரும்பறதால அது அலுக்கல. வளைவு வரும், சரியும், நடுவுல அடங்கும், திரும்ப புடிக்கும். கிடார் இல்லாத ஆல்பத்துல ட்ரம்ஸ் எவ்வளவு பாரம் தாங்குதுங்கறதையும் இதுல பாக்கலாம், ஃபெர்னாண்டஸ் இல்லேன்னா பாதியில கவுந்திருக்கும்.

1977 ஆரம்பத்துல ஏ அண்ட் எம் கம்பெனி இதை வெளியிட்டுச்சு, பிரிட்டன்ல 14வது இடம் வரைக்கும் போச்சு. பங்க் ராக் தலை தூக்குன நேரம் அது, இதே கம்பெனிதான் அந்த மார்ச்ல செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற பங்க் பேண்ட ஒப்பந்தம் பண்ணி ஒரு வாரம் கூட தாங்காம வெளிய அனுப்புச்சு. கேப் போட்டுக்கிட்டு பத்து கீபோர்டுக்கு நடுவுல நிக்கிற ஆளெல்லாம் ஜோக்கா ஆகிக்கிட்டிருந்த சமயத்துல, வார்த்தையே இல்லாத ஒரு டாகுமெண்டரி மியூசிக் 14 வரைக்கும் ஏறுனது சின்ன விஷயம் இல்ல. அதுக்குள்ள அவர் யெஸ்ஸுக்கே திரும்பிட்டாரு, ஸ்விட்சர்லாந்துல மோன்ட்ரோல உக்காந்து கோயிங் ஃபார் தி ஒன் ரெக்கார்டிங். அங்க வெவே ஊர் சர்ச்சுல இருக்கற பைப் ஆர்கன இவர் வாசிக்க, டெலிஃபோன் லைன் வழியா ஸ்டுடியோவுல பதிஞ்சாங்க. அது தனி கதை, இன்னொரு நாள்.

இதுக்கப்பறம் விளையாட்டு படம்னா இவர்கிட்ட வர ஆரம்பிச்சாங்க. 1982 ஸ்பெயின் உலகக்கோப்பை ஃபுட்பால் படம் கோலே, ஷான் கானரி குரல் குடுத்தது, அதுக்கும் இவர்தான். 1986 மெக்சிகோ உலகக்கோப்பைக்கு மேலமே ஹீரோன்னு படம் எடுத்தாரு, மாரடோனா வருஷம், அதுக்கும் இவர்தான். 1999ல வைட் ராக் 2 கூட வந்துச்சு. நேர்மையா சொன்னா எதுவும் முதலாவது கிட்ட நிக்காது. ஃபுட்பால்ல ஆளு ஓடறான், நிக்கறான், ரெஃப்ரிகிட்ட சண்டை போடறான், அதுக்கு சிந்த் வாசிச்சா மேல ஒட்ட வச்ச மாதிரிதான் இருக்கு, ஐஸ்ல அது உள்ளருந்து வந்துச்சு.

அப்ப எப்படி கேக்கறதுன்னும் கேப்பீங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் வேண்டாம், மினிமூக்கோட அடி சத்தம் அதுல வரவே வராது, பாதி ஆல்பம் காணாம போயிடும். மொத தடவை வரிசையா கேக்காதீங்க, ஆஃப்டர் தி பால், தி லூசர், ஐஸ் ரன் மூனையும் இதே ஆர்டர்ல போடுங்க, புடிச்சிருந்தா அப்பறம் ஆரம்பத்துல இருந்து வாங்க. படம் எங்கயாவது கண்ணுல பட்டா பாருங்க, படலன்னா விட்டுடுங்க. கிளாமரோட அந்த ஓட்டத்த மட்டும் தேடி ஒரு தடவை பாத்துடுங்க, அந்த மஞ்சள் ட்ரெஸ் ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒத்தக்கால்ல தடுமாறி எப்படியோ திரும்ப நேராகறத பாத்துட்டு போய் டைட்டில் ட்ராக்க போடுங்க, மினிமூக் சக்கரத்த பெருவிரல் எந்த இடத்துல வளைக்குதுன்னு உங்களுக்கே காதுல படும்.